வாசல்காரி வெளியிலேயே நிற்கட்டும்

செருப்பை வாசலில் விடாதீங்க, கீழ் வீட்டு நாய் கவ்விக்கொண்டு போய்விடும். கையோடு எடுத்து வந்து இந்த மூலையில் வைங்க. ஆங், அங்கேதான். உட்காருங்க. கதவை விடுங்க, நான் சாத்துகிறேன். இந்தத் தாழ்ப்பாள் ஒரு மாதிரி. விழுந்தது போலவே சத்தம் வரும், ஆனால் விழுந்திருக்காது. இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவை. இரண்டு. மூன்று. இப்போது சரி.

அவர் இல்லை. புத்தூர் வரைக்கும் போயிருக்கிறார், என்னுடைய ரிப்போர்ட் ஒன்று வாங்க. பத்து மணிக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். இப்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஃபோனை எடுத்துக்கொண்டுதான் போனார். எடுத்துக்கொண்டு போனால் மட்டும் போதுமா? பேச வேண்டாமா? நான் கூப்பிட மாட்டேன். ரோட்டைக் கடக்கும்போது ஃபோன் அடித்தால் நடு ரோட்டிலேயே நின்று பையைத் துழாவுவார். அந்தப் பயத்தில் கூப்பிடவில்லை. மற்றபடி எனக்கு ஒரு பயமும் கிடையாது.

பர்வீன் என்றுதானே சொன்னீங்க? ராத்திரி ரயிலா, விடிகாலை ரயிலா? முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது. இருங்க, பால் அடுப்பில் இருக்கிறது, டீ போடுகிறேன். அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்க வீணாகக் காத்திருக்க வேண்டாம். எதற்கு வந்திருக்கிறீங்க என்று எனக்குத் தெரியும். ‘உப்புமலை வாசல்’ ஆறாம் பாகம். உங்க பதிப்பக முதலாளி ஃபோன் மேல் ஃபோன் போட்டார். எங்க வீட்டுக்காரர் எடுக்கவில்லை. அதனால் உங்களை நேரில் அனுப்பியிருக்கிறார். புத்தகக் கண்காட்சிக்கு வருகிறது என்று போஸ்டர் எல்லாம் அடித்துவிட்டீங்களாமே. எழுதுகிறவரைக் கேட்காமல் போஸ்டர் அடித்தால் அதற்கு அவர் என்ன செய்வார்?

அவர் எழுத மாட்டார். ஆரம்பித்தார், நிறுத்திவிட்டார். நிறுத்த வைத்தவள் நான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? தையல்நாயகி எட்டாவதோடு படிப்பை விட்டவள், இவளுக்கு என்ன தெரியும் என்றா? உங்க முதலாளி அப்படித்தான் பேசினார். “அம்மா, வாசகர்கள் இத்தனை வருஷமாக் காத்திருக்காங்க, உங்களுக்கு அதெல்லாம் புரியாது” என்றார். எனக்கா புரியாது? அஞ்சு பாகமும் படித்தவள் நான். வாரா வாரம் பத்திரிகையில் வந்தபோது ஒரு தரம், புத்தகமாக வந்தபோது ஒரு தரம். கதைக்காகப் படிக்கவில்லை. கண்காணிக்கப் படித்தேன்.

யாரையா? அந்த வாசல்காரியை.

இருங்க, பால்.

பாருங்க, ஒரு நொடிதான், விட்டிருந்தால் அடுப்பெல்லாம் ஆறாக ஓடியிருக்கும். வாசனை வரும்போதே எழுந்துவிட வேண்டும். கேஸை அணைத்தேனா? அணைத்தேன். இருங்க, பார்த்துவிட்டே வந்துவிடுகிறேன்.

அணைத்துத்தான் இருக்கிறேன்.

எதில் விட்டேன்? ம், வாசல்காரி. நீங்களும் படித்திருப்பீங்க. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதா? அழுதீங்களா? எல்லாரும் அழுதார்கள். உப்புமலைக்குள்ளே ஒரு நாடு. ஏழு வாசல். ஏழாவது வாசலுக்கு வெளியே உப்புக்காற்று, அது பட்டால் மனுஷன் உப்புச் சிலையாக நின்றுவிடுவான். ராஜா இருக்கிறார், சேனாதிபதி இருக்கிறார், பறக்கிற குதிரைக்காரன் ஒருத்தன் இருக்கிறான். இத்தனை பேர் இருக்க, ஜனங்களுக்குப் பிடித்தது யாரை? வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் நச்சரிக்கிற ஒரு பொம்பளையை. விளக்கை அணைச்சியா, குதிரைக்குத் தண்ணி காட்டினியா, காத்து திசை மாறுதே, பிள்ளைங்க உள்ளே வந்தாச்சா? ஓயாமல் இதே பேச்சு. யுத்தத்துக்குக் கிளம்புகிற சேனாதிபதியை நிறுத்தி, துண்டு எடுத்துக்கிட்டியா என்று கேட்பாள். இப்படி ஒருத்தியை எவனாவது சகித்துக்கொள்வானா? கதையில் மட்டும் நாடே அவளைக் கொண்டாடுகிறது.

அவளுக்குப் பெயர் வைக்கவில்லை, கவனித்தீங்களா? மற்ற எல்லாருக்கும் நீள நீளமாகப் பெயர். அவளுக்கு மட்டும் வாசல்காரி. ஏன்? பெயர் வைத்தால் மாட்டிக்கொள்வாரே.

உங்களிடம் சொல்வதற்கென்ன. செசிலியா என்று ஒருத்தி இருந்தாள். பாலக்கரையில் அவர் வேலை பார்த்த பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தவள். உயரம், சிவப்பு, தாடையில் மச்சம். பத்திரிகையில் முதல் வாரம் வாசல்காரிக்குப் படம் போட்டார்கள். உயரம், சிவப்பு, தாடையில் மச்சம்! நான் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். “யார் இது?” என்றேன். “ஓவியர் வரைஞ்சதும்மா, நான் என்ன பண்றது” என்றார். “கதையில அவ எப்படி இருப்பா?” என்றேன். “அதை நான் எழுதலையே” என்றார். எழுதவில்லைதான். நான் தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு இடத்தில்கூட அவள் முகத்தை எழுதவில்லை. மறைக்க எதுவும் இல்லாதவர் ஏன் முகத்தை எழுதாமல் விட வேண்டும்?

உப்பைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பாத்தியில் உப்பு பூக்கும்போது மேலே ஆடை மாதிரிப் படியும், வெயிலில் நடந்தால் குதிகால் வெடிக்கும், உப்பளத்துக்காரியின் புடைவை துவைத்தாலும் விறைப்பாகவே இருக்கும் என்றெல்லாம். நான் வேதாரண்யத்துக்காரி. உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள். என்னிடம்தான் கேட்டுக் கேட்டு எழுதினார். என்னிடம் உப்பைக் கேட்டு வாங்கி, அதைக் கொண்டுபோய் அவளுக்குப் பூசியிருக்கிறார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

ஏதோ சொல்ல வருகிறீங்க. இருங்க, நான் முடித்துவிடுகிறேன். குறுக்கே பேசினால் எனக்கு மறந்துவிடும். டீ ஆறுகிறது, குடிங்க.

அஞ்சாம் பாகத்தில் அவளைக் கொன்றாரே, அது எப்போது தெரியுமா? எனக்கு ஆபரேஷன் நடந்தபோது. கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும் என்றார்கள். டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு என்னமோ பேசினார். வெளியே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. “என்ன சொன்னாங்க?” என்றேன். “சாதாரணம்தான்னாங்க” என்றார். அவருக்கும் எனக்கும் பொய் சொல்ல வராது, அதுதான் எங்க குடும்பத்தில் கஷ்டம்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறார். எனக்கு வீட்டு ஞாபகம். “ஏங்க, வீட்டுத் தாழ்ப்பாள் சரியா விழுந்துச்சா? போய்ப் பார்த்துட்டு வாங்க” என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “பார்க்கிறேன் தையல். நீ போய்ட்டு வா” என்றார். நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்து, வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள், இவர் கதை எழுதுகிறார்!

என்ன எழுதினார் என்று உங்களுக்கே தெரியும். ஏழாம் வாசலுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். காற்று வந்துகொண்டிருக்கிறது. யாராவது ஒருத்தர் வெளியே போய்ப் போட வேண்டும், போட்டவர் உள்ளே வர முடியாது. சேனாதிபதி போகிறேன் என்கிறான், குதிரைக்காரன் போகிறேன் என்கிறான். வாசல்காரி எல்லாரையும் தள்ளிவிட்டுப் போகிறாள். போகும்போது ஒன்று சொல்கிறாள். “தாழ்ப்பாளை வேற யார் போட்டாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.” என்ன திமிர் பாருங்க! உள்ளே நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெளியே தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அப்புறம் அதை இழுத்துப் பார்க்கிற சத்தம். டக். டக். டக். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. முற்றும்.

எனக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்றால், கட்டு பிரிக்க வந்த நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான்தான் போய்ச் சேரப்போகிறேனோ என்று நினைத்துவிட்டேன். “இல்லம்மா, வாசல்காரி செத்துட்டா” என்றாள். விட்டது சனியன் என்று தலையணையில் சாய்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே கட்டி கெட்டதில்லை என்று ரிசல்ட்டும் வந்தது. எனக்கு ஒரே நாளில் இரண்டு நல்ல சேதி.

கரூரில் ஒருத்தர் வாசல்காரிக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்து, இலை போட்டுச் சாப்பாடு போட்டு, எங்களுக்குப் பத்திரிகையே அனுப்பியிருந்தார். எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் சொந்தக்காரர்கள்கூட அவ்வளவு சிறப்பாகச் செய்திருக்க மாட்டார்கள்.

என் மனக்குறை அது இல்லை. வேறே. அதை யாரிடமும் சொன்னதில்லை.

எங்க வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கீரனூர்ப் பக்கம். அங்கே அய்யனார் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல், உயிர் போகிற நிலை என்றால், அந்தப் பிள்ளை மாதிரி மண்ணில் ஒரு பொம்மை செய்து கோவில் பொட்டலில் வைப்பார்கள். மதலை என்பார்கள். சாமி, இதை எடுத்துக்கோ, அதை விட்டுடு. அதுதான் கணக்கு. கை முறிந்தால் மண் கை, கண் என்றால் மண் கண். எங்க ஊரில் இது கிடையாது, எனக்குத் தெரியாது. கல்யாணமான புதுசில் கோவிலுக்குப் போனபோது பொட்டலில் ஒரு பொம்மை. சின்னப் பெண் குழந்தை, காதில் தோடுகூடச் செய்திருந்தார்கள். அழகாக இருக்கிறதே, கொலுவுக்கு ஆகும் என்று முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அலமாரியில் வைத்ததைப் பார்த்தார் என் மாமியார். அய்யோ, அந்தக் கத்தல்! “அடிப் பாவி, அது எந்தப் புள்ளைக்குப் பதிலா நிக்குதோ! குடுத்ததைத் திருப்பி எடுத்தா சாமி அந்தப் புள்ளையைக் கேக்கும்டி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அவர் அப்போது கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சாமியாவது பூதமாவது என்று பேசித் திரிந்தவர். அவர் சிரிக்கப்போகிறார், எனக்காக நாலு வார்த்தை பேசப்போகிறார் என்று பார்த்தேன். அவரோ பொம்மையை வாங்கித் துண்டில் சுற்றினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எடுத்த இடத்திலேயே, எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே பக்கம் பார்த்து வைத்துவிட்டு வந்தார். நாங்கள் ஊருக்குப் போகிற போதெல்லாம் அது அங்கே நிற்கும். மழையில் கரைந்து தோடு போயிற்று, மூக்கு போயிற்று. நின்றுகொண்டுதான் இருந்தது. போய்ப் பார்க்காமல் வர மாட்டார். கேட்டால், கலை என்பார்.

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது என்ன? ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவரைக் கேட்டேன். “எனக்காக அய்யனாருக்கு ஏதாவது வேண்டிக்கிட்டீங்களா? பொம்மை வைக்கிறேன்னு சொன்னீங்களா?” என்று. வாய் வார்த்தையாகவாவது ஆமாம் என்று சொல்லக் கூடாதா? என் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, “என்கிட்ட இருந்த பெரிய பொருளைக் குடுத்துட்டேன் தையல்” என்றார். என்ன பொருள்? அவரிடம் என்ன இருந்தது? வாட்ச்கூட என் அப்பா வாங்கிக் கொடுத்தது. அது கையிலேயே இருந்தது. பேச்சு! எழுத்தாளர் பேச்சு! ஒரு மண் பொம்மை செய்து வைக்க இவருக்கு மனசு வரவில்லை. குயவர் வீட்டுக்குப் போனால் ஆயிற்று. எனக்காக ஒன்றுமே கொடுக்கவில்லை இந்த மனுஷன். இது என் நெஞ்சிலேயே கிடக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கோங்க. நானே அழவில்லை, நீங்க ஏன்? ரயிலில் தூங்காதது. டீ இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?

ஃபோன் அடித்ததா? இல்லையா. எனக்குக் காதில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வந்து கேட்டார்கள் தெரியுமா? சீரியல் எடுக்கிறேன் என்று ஒருத்தர், ஆறாம் பாகம் தந்தால் வீடே கட்டித் தருகிறேன் என்று ஒருத்தர். வாசகர்கள் வேறே. சிலர் எழுதுங்கள் என்பார்கள். சிலர், முடித்ததைத் தொடாதீங்க, சாமிக்குப் படைத்துவிட்டுச் சோற்றைத் திரும்பப் பிசைவது மாதிரி என்பார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே பதில்தான். “குடுத்தது குடுத்ததுதான்.” வாசகர்களுக்குக் கொடுத்துவிட்டாராம், திருப்பிக் கேட்கக் கூடாதாம். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். நல்லது, அவள் வர மாட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

இந்த வருஷம் என்ன வந்ததோ. உங்க முதலாளி வந்து ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டுப் போனார். எங்க வீட்டுக்காரருக்கும் வயதாகிறது, ஆசை வராதா? “இத்தனை வருஷம் ஆயிடுச்சு, உனக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே எழுதினா என்ன தையல்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லாததற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? எழுதினால் எழுதுங்கள் என்றேன். அவள் வருவாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

எழுத உட்கார்ந்தவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. பாட்டு என்ன, காலையில் தானே காபி போடுவது என்ன! எனக்குச் சந்தேகம் தட்டியது. குளிக்கப் போன நேரத்தில் மேஜையில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். அவள்! வெளியே உப்பாக நிற்கிறாள், ஆனால் மூக்கும் வாயும் மட்டும் வேலை செய்கிறது. ஏழு வாசலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறாள். “உள்ளே பால் பொங்குது, யாராவது பாருங்க!” என்று. உப்பாகப் போனவளுக்கு அடுத்தவள் வீட்டுப் பாலைப் பற்றி என்ன கவலை?

அன்றைக்குப் போட்டேன் சண்டை. “செசிலியாவை மறுபடி வீட்டுக்குள்ள கொண்டாரீங்களா?” என்றேன். “எந்தச் செசிலியா?” என்றார். நடிப்பு! அப்புறம் ஞாபகம் வந்தது போலச் சிரித்தார். “அந்த அம்மா கல்யாணமாகிப் பெங்களூர் போயி எத்தனை வருஷமாச்சு” என்றார். “அப்ப இவ யாரு?” என்று தாளை ஆட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “தையல், உனக்கு நிஜமாவே தெரியலையா?” என்றார். “என்ன தெரியணும்? எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன்” என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் என் சண்டை வீண் போகவில்லை. அடுத்த வாரமே நிறுத்திவிட்டார். எனக்கு அடிவயிற்றில் திரும்ப ஒரு வலி. அது கிடக்கட்டும், பழைய இடம், வலிக்கத்தான் செய்யும். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், அதே மாதிரி ஒரு கட்டி தெரிகிறது, ஊசியில் எடுத்து அனுப்பிப் பார்ப்போம் என்றார். வீட்டுக்கு வந்தோம். அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே மேஜைக்குப் போனார். எழுதிய தாள் எல்லாவற்றையும் வாரி எடுத்து என் கையில் கொடுத்தார். “மாடியில கொண்டுபோய் எரிச்சுடு. ஒரு வரி மிச்சம் இருக்கக் கூடாது” என்றார். “நான் தொட்டிருக்கவே கூடாது” என்றார். நான் போட்ட சண்டை உள்ளே இறங்கி வேலை செய்ய ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அவருக்கு எல்லாமே தாமதமாகத்தான் உறைக்கும்.

அன்றிலிருந்து தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. நான் தண்ணீர் குடித்தாலும் பார்க்கிறார், மாடிப்படி ஏறினாலும் பார்க்கிறார். போன வாரம் என்னைக் கேட்காமல் கீரனூருக்கு ஒரு பஸ் பிடித்துப் போய்விட்டு வந்தார். கறுப்புச் சட்டைக்காரர், நெற்றியில் விபூதியோடு வருகிறார்! அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியவில்லையே என்ற துக்கம் மனுஷனை எந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்க.

எரித்தேனா என்றா கேட்கிறீங்க? கேட்பீங்க, அதற்குத்தானே வந்தீங்க. எரிக்கவில்லை. அரிசி டிரம்முக்கு அடியில் இருக்கிறது. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். போய் நின்றேன். அவளைப் பிடிக்காதுதான். ஆனாலும் நெருப்பு வைக்கக் கை வரவில்லை. அவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீங்க. தரவும் மாட்டேன். அப்படிப் பார்க்காதீங்க, தர மாட்டேன்.

ஃபோன்! இது நிஜமாகவே அடிக்கிறது. எங்கே வைத்தேன்? நீங்க எடுங்க, அந்த ஃபிரிட்ஜ் மேலே. கொடுங்க, கொடுங்க.

ஹலோ. எங்கே இருக்கீங்க? மணி என்ன தெரியுமா? ஏதாவது சாப்பிட்டீங்களா? சரி, சொல்லுங்க. ம். ம். டாக்டரம்மாகிட்டயே காட்டிட்டீங்களா? நீர்க்கட்டியா? வெறும் நீர்க்கட்டிதானா? ஒண்ணுமே இல்லையா? நல்லாக் கேட்டீங்களா, வேற யாரோட ரிப்போர்ட்டாவது மாத்திக் குடுத்திருக்கப் போறாங்க, பேரு பாருங்க. தையல்நாயகி. ம். வயசு பாருங்க. ம்.

ஹலோ? ஹலோ? கேக்குதா? அது என்ன சத்தம்? அழுவுறீங்களா? நல்ல சேதி வந்ததுக்கு யாராவது ரோட்டுல நின்னு அழுவாங்களா? முதல்ல ஓரமாப் போங்க, பஸ் வரும். போயிட்டீங்களா? ம்.

இங்கே மெட்ராஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. ஆமா, அதுக்குத்தான். என்ன சொல்லட்டும்? எழுதப் போறதில்லையா? இல்ல, ரிப்போர்ட்தான் நல்லா வந்துடுச்சே, இன்னும் என்ன? சரி, நான் போட்ட சண்டையை மனசுல வச்சுக்காதீங்க. அதுக்கில்லையா? அப்ப எதுக்கு? அவ வெளியிலயே நிக்கட்டுமா? அந்தக் காத்துலயா? எவ்வளவு காலத்துக்குங்க? என்னது? அவ அங்க நிக்கிறதாலதான்? நிக்கிறதாலதான் என்ன? ஹலோ? சரி, சரி. மூக்கைச் சிந்துங்க. துண்டு எடுத்துக்கிட்டுத்தானே போனீங்க? இட்லி ரெண்டு சாப்பிட்டுட்டு, ஆட்டோவுல வாங்க. நடந்து வராதீங்க, வெயில்.

ஒன்றும் இல்லையாம். நான்தான் முதலிலேயே சொன்னேனே, எனக்குப் பயம் இல்லை என்று. இந்த டம்ளரை வாங்கி வைங்க, கீழே போட்டுவிடுவேன்.

உங்களுக்குப் பதில் கேட்டுவிட்டது. எழுத மாட்டார். இனிமேல் எப்போதும் எழுத மாட்டாராம். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீங்க. இவ்வளவு நாள் அவளைத் திட்டினேன். இப்போது அவர் ‘நிக்கட்டும்’ என்று சொன்னதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தப் பொம்மை மாதிரித்தானே நிற்பாள், மழையிலும் வெயிலிலும், மூக்கு கரைந்து. யாராக இருந்தால் என்ன? செசிலியாவாகவே இருந்தாலும் ஒரு பொம்பளையை அப்படி வெளியே நிறுத்தி வைக்கலாமா? உள்ளே இருக்கிற ஒருத்திக்காவது அவள் ஞாபகம் வராதா? பாவம், அவளுக்கென்று அழுகிறார் அங்கே ரோட்டில்.

கிளம்புறீங்களா? என் கையை ஏன் பிடித்துக்கொள்கிறீங்க? எதற்கும்மா கண்ணில் ஒற்றிக்கொள்கிறீங்க, நான் என்ன எழுதினேன்? புத்தகம் கிடைக்காததற்கு உங்க முதலாளி உங்களைத் திட்ட மாட்டாரே? திட்டினால் என் பெயரைச் சொல்லுங்க. செருப்பைப் போட்டுக்கோங்க. தண்ணி பாட்டில் எடுத்தீங்களா? ரயில் டிக்கெட் பையில் இருக்கிறதா, ஒரு தடவை பார்த்துக்கோங்க. படியில் கைப்பிடி ஆடும், சுவரைப் பிடித்து இறங்குங்க.

கதவை விடுங்க, விடுங்க, நீங்க சாத்த வேண்டாம். நான் போட்டுக்கொள்கிறேன். தாழ்ப்பாளை வேற யார் போட்டாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

யார் அது, படியிலேயே நிற்கிறது? இறங்குகிற சத்தமே கேட்கவில்லை. இன்னும் போகவில்லையா நீங்க? தாழ்ப்பாள் நன்றாக விழுந்துவிட்டதும்மா, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன். நான் உள்ளேதான் இருக்கிறேன். நீங்க பயப்படாமல் போங்க.